விளக்குக் கண்ணாடி தேடிப் போன வீடு

சாமளாபுரம் வழியாகப் போகிற எந்த வண்டியிலும் நான் இப்போது ஏறுவதில்லை. சுற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று வேறு வழியில் போகிறேன். அந்த ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கெட்டதாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எல்லாம் என் வீட்டுக்காரரின் கார்ப் பைத்தியத்தில் தொடங்கியது. அதற்கு முன்னால் அவருக்குப் பனியன் பைத்தியம். தைத்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. கட்டிங் அவர் பார்த்தார், செக்கிங்கும் பேக்கிங்கும் நான் பார்த்தேன். மகன் படிப்பை முடித்துவிட்டு வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வயதான மனுசன் கோயில் குளம் என்று போகலாம். இல்லை, சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கலாம். இவர் தாராபுரத்தில் ஒரு அரிசி ஆலையின் பின்னால் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய காரை விலை பேசி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். என் மாமனார் வாலிபத்தில் ஓடிய ரகம். கதவைத் திறந்தால் கோழி எச்சம்.

"ஏனுங்க, இது ஓடுமா?" என்றேன்.

"ஓட வெக்கோணும்," என்றார்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா?"

எங்கள் பக்கத்தில் திட்டுவதையும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. அதனாலேயே எங்கள் திட்டு யாருக்கும் உறைப்பதில்லை.

அன்றிலிருந்து அந்த வண்டிக்கு உதிரி சாமான் தேடுவதே அவருடைய உத்தியோகமாகிவிட்டது. கோயமுத்தூர் உக்கடம், சென்னை புதுப்பேட்டை என்று எங்கெங்கோ போனார். போய்விட்டு வந்து எனக்குப் பாடம் எடுப்பார். அசல் கம்பெனி சாமான் ஒரு ரகம். அச்சு அசலாக இப்போது புதிதாகச் செய்து விற்பது இன்னொரு ரகம். டூப்ளிகேட் மூன்றாவது ரகம், அதைக் கையால் தொடக்கூடாது. இரண்டாவது ரகத்தில்தான் ஏமாற்று அதிகமாம். பார்த்தால் அதே போல இருக்கும், மாட்டினால் திருகாணித் துளை ஒரு நூல் தள்ளி இருக்கும்.

எங்கள் ஊரில் எதையும் காப்பி அடிக்க ஆள் உண்டு. பட்டன், ஜிப், லேபிள், எதுவானாலும் ஒரு சாம்பிள் கொடுத்தால் போதும், மறுவாரம் மூட்டையாக வந்து இறங்கும். சீட்டுத் துணியை அப்படித்தான் செய்தார். கிழிந்த பழைய துணியில் ஒரு துண்டை வெட்டி, நெசவு ஒருவரிடம், சாயம் ஒருவரிடம் கொடுத்து, பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் தன் ஆர்டரைப் பண்ணுவதைப் போல மூன்று தடவை ரிஜெக்ட் பண்ணி வாங்கினார். சாயப்பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "அக்கா, அண்ணன் எந்த நாட்டுக்குங்க ஏத்துமதி பண்றாரு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் குறுகிப் போனேன்.

கடைசியில் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் போய் மாட்டிக்கொண்டது. வடக்கிலிருந்து வரவழைத்த புதுக் கண்ணாடியை எங்கள் செக்கிங் செக்சனுக்கே கொண்டுவந்தார். துணியின் ஷேடு பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் அதை வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஷேடு அவுட்டு," என்றார். வேலை செய்கிற பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விற்றவனைப் போனில் பிடித்தார். அவன், "அண்ணா, அது பின்னாடி இருக்கற விளக்குதான, யார் பார்க்கப் போறா?" என்றான். இவர், "பின்னாடி வர்றவன் பாப்பான்ல?" என்றார்.

அசல் கண்ணாடி ஒன்று மாதிரிக்குக் கிடைத்தால் அதை வைத்து வார்த்துக் கொடுக்க கோயமுத்தூரில் ஆள் இருந்தது. அந்த ஒரு சாம்பிளுக்காக இவர் பார்க்காத கொட்டகை இல்லை. எவர் வீட்டு ஓரத்தில் தார்ப்பாய் போட்டு எது மூடியிருந்தாலும் தூக்கிப் பார்ப்பார். குண்டடத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இறந்துபோனார், துக்கம் விசாரிக்கப் போனோம். தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்த, இறந்தவரின் மகனுடைய கையை இவர் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசனுங்க," என்றவர், அதே மூச்சில், "அப்பாவோட வண்டி இன்னும் உள்ளதான் நிக்குதுங்களா?" என்றார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். இந்த மனுசனை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போவதானால் வாயைப் பூட்டித்தான் கூட்டிப் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில் மகனுக்குப் பெண் அமைந்தது. அவன் எந்தப் பெண்ணின் போட்டோவைக் காட்டினாலும் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பாத்துக்கலாம்மா," என்பவன். இந்தப் பெண்ணுக்கு மட்டும் போனைக் கீழே வைத்தான். ஊர் சாமளாபுரம். அப்பா தறி ஓட்டுகிறார். பெண் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. இரண்டு பேரும் பேசிப் பார்த்தார்கள், பிடித்துப் போயிற்று. இனிப் பெரியவர்கள் போய் உட்கார்ந்து பேசுவதுதான் பாக்கி.

கிளம்புகிற அன்று நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துச் சொன்னேன். "பொண்ணு ஊட்டுல போயி உங்க துருப்புடிச்ச வண்டிக் கதைய எடுத்தீங்கன்னா பாருங்க. அங்க எந்த வெளக்கும் கேக்கக்கூடாது. எந்தக் கண்ணாடியும் கேக்கக்கூடாது. கிறுக்குப் புடிச்ச மாமனாருன்னு அந்தப் புள்ள நெனைக்கப் போகுது."

"சரி சரி, நான் எதுக்குக் கேக்கறேன்," என்றார். பாவம், அதைக் காப்பாற்றவும் செய்தார். விளக்கு என்ற சொல்லே அன்றைக்கு அவர் வாயிலிருந்து வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் யாரும் வாயைத் திறந்து இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்பதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, உங்க புள்ளைக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க," என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு எதையாவது பார்ப்பார்கள், பொதுவாக எதையாவது பேசுவார்கள். பெண்ணைப் பெற்றவன் அதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். என்னைப் பார்க்க வந்த அன்று என் மாமனார் வாசலில் நின்று, "இங்கிருந்து நம்மூருக்குப் பஸ்ஸு கம்மிதானுங்களே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா ஒரு மொபெட் வாங்கி நிறுத்தினார். அது வேண்டவே வேண்டாம் என்று என் மாமனார் சொன்னதையும், அப்பா கேட்காமல் சாவியை அவர் கையில் திணித்ததையும் நான் கண்ணால் பார்த்தவள்.

சாமளாபுரத்தில் நல்லபடியாகத்தான் பேசினோம். நான் முதலிலேயே, "ஒண்ணும் வேண்டாமுங்க, புள்ளை வந்தாப் போதும்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். காப்பி வந்தது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போன என் வீட்டுக்காரர் வரவே இல்லை. தேடிக்கொண்டு போனால் தறிக் கொட்டகையின் ஓரத்தில் நிற்கிறார், பக்கத்தில் பெண்ணின் அப்பா. அவர்கள் முன்னால், நூல் கோன்கள் அடைத்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு, எங்கள் வாசலில் நிற்பதைப் போலவே ஒரு கார். பின்னால் இரண்டு விளக்கும் முழுசாக இருந்தன.

தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அதனால் எனக்கு ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது.

"வண்டி யாருதுங்க சம்மந்தி?"

"எங்கப்பா ஓட்டுனதுங்க. இப்ப கோன் போட்டு வெச்சிருக்கறோம்."

என் வீட்டுக்காரர் அந்தப் பின்விளக்கையே பார்த்தார். என் உத்தரவு ஞாபகம் இருந்திருக்கும். சுற்றி வளைத்துப் பேசினார். "எங்களுக்கும் இப்ப வண்டிதானுங்க ஒரே கொறை. நானும் அலையாத எடமில்லை. நல்லதா ஒண்ணு கெடைக்க மாட்டீங்குது. டூப்ளிகேட்டு நமக்கு ஆகாதுங்க, ஒரிஜினலா இருக்கோணும். நம்ம பையனும் பொண்ணும் கல்யாணத்தன்னிக்கு வண்டியில வந்து எறங்கோணும்ன்னு எனக்கு ஒரு ஆசைங்க. உங்க தயவுல அது நடந்தாச் சந்தோசமுங்க. வாயத் தெறந்து கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குது."

பெண்ணின் அப்பா கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "செஞ்சர்லாமுங்க சம்மந்தி," என்றார்.

இவர் முகம் பூவாய் மலர்ந்துவிட்டது. மாதிரிக்கு ஒரு கண்ணாடி கிடைத்துவிட்டதென்று அவருக்கு. திரும்பி வருகிற வழியெல்லாம், "நான் ஒண்ணுமே கேக்கலை பாத்துக்க, அவரே புரிஞ்சுக்கிட்டாரு," என்றார்.

நான்? செய்துவிடலாம் என்கிற அந்த 'செஞ்சர்லாமுங்க' எப்படிப்பட்ட குரலில் வந்தது என்று எனக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவன் தொண்டையிலிருந்து வருகிற குரல் அது. விளக்குக் கண்ணாடிக்கு எவனும் அப்படிப் பஞ்சைத் தட்டிக்கொண்டு நிற்க மாட்டான். அங்கேயே நின்று, "ஏனுங்க, இவரு கேக்கறது உடைஞ்ச வெளக்குக்குக் கண்ணாடிங்க," என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் கோழி அடைந்த வண்டி நிற்கிற விசயம் வெளியே வந்துவிடுமே என்று கூச்சப்பட்டேன். அதுமட்டும்தான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன். புதுக் கார் ஒன்று வாசலில் வந்து நிற்பது போல ஒரு நினைப்பு மனசில் ஓடியது. அது எனக்கு இனிப்பாக இருந்தது. த்தூ.

நிச்சயத்துக்கு ஆன வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பெண்ணுக்கு ரவிக்கை அளவு வாங்குவதற்காக ஒருநாள் நான் மட்டும் சாமளாபுரம் போனேன். அந்தத் தெருவில் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற சத்தம் காதை அடைக்கும். அவர்கள் வீட்டின் முன்னால் மட்டும் சத்தம் இல்லை. ஒரு லாரி நின்றது. கொட்டகையிலிருந்து தறிகளைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிக்கூடப் போடவில்லை, பழைய இரும்புக்குப் போகிறதைப் போல அப்படியே நெட்டித் தள்ளி ஏற்றினார்கள். பெண்ணின் அப்பா கிட்டே நின்று, "மெல்லமுங்க, மெல்லமுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "வாங்க தங்கச்சி, உள்ள போங்க," என்றார். எதற்கு மெல்ல என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே பெண்ணின் அம்மாவிடம், "தறியெல்லாம் எங்கீங்க போகுது?" என்றேன்.

"பழைய தறிங்க அண்ணி. வெச்சிருந்து என்ன பண்றதுங்க," என்றாள். நான் விடவில்லை. நாலு தடவை கேட்ட பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். "மாப்பிள்ளைக்குப் புது வண்டி சொல்லியாச்சுங்க. அண்ணன் ஆசப்பட்டுக் கேட்டாருல்லீங்க. முதல் முதல்ல வாய்விட்டுக் கேட்டது, செய்யாட்டி எப்படீங்க?"

"ஐயோ, வேண்டாமுங்க! அவரு அதக் கேக்கலீங்க!" என்றேன்.

அவள் சிரித்தாள். "நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க. உங்க கொணம் எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"சத்தியமா வேண்டாமுங்க!"

"சரிங்க அண்ணி, சரிங்க. காப்பி ஆறுதுங்க," என்றாள். என் மாமனார் மொபெட் வேண்டாம் என்று சொன்னபோது என் அம்மா சொன்னதும் ஏறத்தாழ இதேதான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். மனுசன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் வெளக்குக் கண்ணாடியல்ல கேட்டேன்?"

"கேட்டீங்களா? வாயத் தெறந்து வெளக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீதான சொல்லக் கூடாதுன்னு சொன்னே?"

மகன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்கே போயிச் சொல்லிட்டு வாங்க," என்றான். குரலை உயர்த்தவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் போனோம். என் வீட்டுக்காரர் உட்காரக்கூட இல்லை. போனை எடுத்து எங்கள் வாசல் காரின் படத்தைக் காட்டினார். உடைந்த விளக்கின் படத்தைப் பெரிசாக்கிக் காட்டினார். "இதுதானுங்க. இந்தக் கண்ணாடிதான் எனக்கு வேணும். மாதிரி எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்தர்றேன். வண்டி கிண்டியெல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்றார்.

பெண்ணின் அப்பா படத்தை மரியாதையாகப் பார்த்தார். கொட்டகைக்குப் போனார். தறி இருந்த இடங்களில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. திருப்புளியோடு குனிந்தவர் இரண்டு விளக்கையும் கழற்றி, வேட்டி நுனியால் தூசியைத் துடைத்து, இவர் கையில் கொடுத்தார்.

"இந்தாங்க சம்மந்தி. இதயும் எடுத்துக்குங்க. அது நிச்சயத்துக்கு முந்தி வந்துருமுங்க."

என் வீட்டுக்காரர் விளக்குகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இத்தனை நாளாய் அலைந்து தேடிய அசல் கண்ணாடி கையில் இருக்கிறது. பிணத்தைத் தூக்கி வைத்திருப்பவரைப் போல நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை, பெண்ணின் அப்பா மேல்தான் பாய்ந்தது. "ஏனுங்க, உங்களுக்குத் தமிழ்ல சொன்னாப் புரியாதுங்களா? வேண்டாம்னா வேண்டாந்தான்! வண்டி எங்க வாசலுக்கு வந்துச்சுன்னா இந்தக் கல்யாணமே வேண்டாமுங்க! போயி அந்த வண்டிய வேண்டாம்னு சொல்லுங்க, தறியத் திருப்பி எறக்குங்க!" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தறிகூட நின்றது போல இருந்தது.

அவர் வெளிறிப் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். என்னைவிட மூத்தவர், என் முன்னால் இடுப்பில் துண்டோடு நின்று, ரொம்பப் பணிவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. அப்ப ரொக்கமாக் குடுத்தரட்டுங்களா?"

அதற்கு மேல் நான் எதைச் சொல்ல? எதைச் சொன்னாலும் அது அவர் காதில் கூடுதலாக எதையோ கேட்பதாகத்தான் விழும். மாப்பிள்ளையைப் பெற்றவளின் வாய் எனக்கு. அந்த வாயிலிருந்து வருகிற 'வேண்டாம்' அவருக்கு விலை ஏற்றுவதாகத்தான் கேட்டது. அவர் மேல் என்ன தப்பு? என் அப்பாவும் இப்படித்தான் கேட்டிருப்பார்.

அப்போதுதான் பெண் வெளியே வந்தாள். வேலைக்குக் கிளம்பி, தோளில் பையோடு இருந்தாள். "அப்பா, நீங்க உள்ள போங்க," என்றாள். அவர் போனார். அப்பாவின் துண்டு மறைகிற வரை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது.

"அத்தை, நீங்க கேக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. மாமா கேட்டது வெளக்கத்தான்னு உங்க பையனும் நேத்து ராத்திரி போன்ல சொன்னாருங்க. நான் நம்பறேன். எங்கப்பா நம்ப மாட்டாருங்க. நாளைக்கு நீங்க எங்க ஊட்டுக்கு வந்து செவுத்தப் பாத்தாக்கூட, எதுக்குப் பாத்தாங்கன்னு அவரு யோசிச்சுட்டே கெடப்பாருங்க. அவரு சாகற வரைக்கும் உங்க முன்னாடி துண்ட இடுப்புல கட்டிட்டு நிக்கறத என்னால பாக்க முடியாதுங்க."

"கண்ணு, தறியத் திருப்பி வாங்கியர்லாம்," என்றேன். "நாங்க வாங்கித் தர்றோம். நீ மட்டும் இந்தக் கல்யாணத்த..."

"வேண்டாமுங்க அத்தை," என்றாள்.

நான் மறுபடி கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் விளக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மரியாதைக்குச் சொல்கிறாளா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அவற்றை வாங்கித் திண்ணையின் மேல் வைத்துவிட்டு, அவரை நாங்கள் வந்த வாடகை வண்டியில் ஏறச் சொன்னேன்.